பீரோவில் பூட்டிய பேட்ஜ்

எங்கள் ஊரில் என்னை ராக்கெட்டுக்காரி என்பார்கள். அந்தப் பெயரைப் பரப்பியவர் என் மாமியார் முருகேஸ்வரி. ரேஷன் கடையோ, குழாயடியோ, ஷேர் ஆட்டோவோ, யார் விசாரித்தாலும் "எம் மருமக ராக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கிறா" என்று சொல்லிவிடுவார். நான் வெல்டிங் வைத்தது லாரி கியருக்கு. எத்தனை தடவை திருத்தினாலும் அத்தைக்கு லாரி பிடிக்கவில்லை.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ் பிடித்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பாளையம்பட்டி. ஊரைத் தாண்டிக் கருவேலங்காட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி வீட்டில் பரம்பரையாக இரும்புச் சாமான் கடை. ஆணியும் கீலும் விற்றுச் சலித்துப்போய், பெங்களூரில் மூடிய ஒரு கம்பெனியிலிருந்து எலக்ட்ரான் பீம் வெல்டிங் மிஷினைப் பழசாக வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் டிப்ளமோ முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தவள். கூப்பிட்டார், போனேன். என்னோடு பொன்ராஜ் என்று இன்னொரு ஆபரேட்டர். கம்பெனி என்றால் அவ்வளவுதான்.

வெல்டிங் என்றதும் பொறி பறக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பெரிய இரும்புப் பெட்டி ஒன்று. அதற்குள் கியரை வைத்துக் கதவைச் சாத்தி, பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க வேண்டும். காற்று போன பிறகு, உச்சியில் இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி எலக்ட்ரானைக் கக்கும். லட்சத்துக்கு மேல் வோல்ட் கொடுத்து அதை இழுத்து, காந்தத்தால் ஒரு புள்ளியாகச் சுருக்கி, இரண்டு இரும்பும் சேருகிற கோட்டில் இறக்கினால் இரும்பே உருகி இரும்போடு சேர்ந்துகொள்ளும். வெல்டிங் கம்பி வேண்டாம். சூடும் பக்கத்தில் பரவாது என்பதால் பல் வெட்டி முடித்த கியர்கூடக் கோணாது. விமானத்திலும் ராக்கெட்டிலும் சில பாகங்களை இப்படித்தான் ஒட்டுகிறார்களாம். அத்தை சொன்னதில் அந்த மட்டுக்கும் உண்மை உண்டு.

எங்கள் பக்கத்து வறட்சி இந்த மிஷினுக்கு நல்லது. காற்றில் ஈரம் இருந்தால் அது பெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு பம்ப்பைப் பாடாய்ப் படுத்தும். "மழை இல்லாததுனால லாபம் பாக்குற ஒரே ஆளு நாந்தாம்மா" என்று அண்ணாச்சி சிரிப்பார். நல்ல மனிதர். அதை இப்போதும் சொல்கிறேன். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

எலக்ட்ரான் போய் இரும்பில் மோதும்போது எக்ஸ்ரே கிளம்பும். அதற்காகத்தான் பெட்டிச் சுவர் முழுக்க ஈயத் தகடு. நான் எட்டிப் பார்க்கிற சின்ன ஜன்னலுக்கும் ஈயம் கலந்த கண்ணாடி. லேசாக மஞ்சள் ஓடியிருக்கும். பழைய மிஷின் என்பதால் பீம் கோட்டை விட்டு விலகாமல் ஒரு ஆள் கண்ணால் பார்த்துக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. சட்டையில் குத்திக்கொள்கிற சின்ன பிளாஸ்டிக் பட்டை. நம் மேல் எவ்வளவு எக்ஸ்ரே பட்டது என்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை லேபுக்கு அனுப்பினால் கணக்குச் சொல்வார்கள். முதல் தடவை கொடுத்த பேட்ஜைப் பொன்ராஜ் யாரோ வீட்டுக் காதுகுத்தில் தொலைத்துவிட்டான். லேபுக்குப் பதில் சொல்லி, கெஞ்சி, வேறு வாங்குவதற்குள் அண்ணாச்சிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேட்ஜையும் ஆபீஸ் பீரோவில், கற்பூரம் ஊதுபத்தி வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில், வைத்துப் பூட்டினார். "பத்திரமா இருக்கட்டும்மா. வெளிய கெடந்தா தொலைஞ்சு போகும்."

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பீரோவிலிருந்து எடுத்து அனுப்புவார். பூஜ்யம் என்று பதில் வரும். அதைப் படித்துவிட்டு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடுவார். அண்ணாச்சியின் பீரோ மேல் எக்ஸ்ரே படவில்லை என்பதற்கு லேபே சாட்சி. எங்களுக்கும் அது உறைக்கவில்லை. அவருக்குப் பயப்பட்டல்ல, பூஜ்யம் என்ற சொல் காதுக்கு இதமாக இருந்தது.

தை மாதம் மஞ்சள் கண்ணாடியில் கீறல் விழுந்தது. அதே கனத்தில், அதே அளவில் அண்ணாச்சி மதுரையில் சொல்லிப் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தார். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. காற்று கசிகிறதா என்று ஒரு நாள் முழுக்கச் சோதித்தோம், கசியவில்லை. "இப்பத்தான் அண்ணாச்சி கண்ணு நல்லாத் தெரியுது" என்று நான்தான் பாராட்டினேன்.

பங்குனியில் எனக்கு நாள் தள்ளிப்போனது.

கல்யாணமாகி ஆறு வருடம். போகாத ஆஸ்பத்திரி இல்லை. என் வீட்டுக்காரர் மாரிசெல்வம் பருத்திக் காட்டில் இருந்தவர், சேதி கேட்டு மண்வெட்டியைப் போட்டது போட்டபடி ஓடி வந்து என்ன பேசுவதென்று தெரியாமல் சொம்புத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். அத்தைதான் இரண்டு பேரையும் அதட்டினார்.

"மூணு மாசம் கழியாம மூச்சு விடக்கூடாது. கண்ணு பட்டுரும்."

எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அத்தை எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. மாதம் தவறாமல் எனக்காக வாங்குகிற நாப்கினை அந்த மாதமும் கடையில் போய் வாங்கினார். வாங்காவிட்டால் கடைக்காரி கணக்குப் போட்டுவிடுவாளாம். பாக்கெட்டைப் பையில் மறைக்காமல் நாலு பேர் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வேலையை விட்டு நிற்கவும் விடவில்லை. திடீரென்று நின்றால் ஏன் எதற்கு என்று கேட்பார்களே.

"அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லிருதேன் அத்தை. அந்தச் சன்னல் கிட்டயே உக்காந்திருக்கணும்."

"பேட்ஜுல ஒண்ணுமில்லன்னுதான வருதுன்ன? அவுக கடைக்காரக. அவுக சம்சாரம் காதுல விழுந்தா அருப்புக்கோட்டைக்கே மைக்கு வச்சுச் சொன்ன மாதிரி. இன்னும் கொஞ்ச நாளுதான், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

இருந்தேன். எனக்கும் சொல்ல மனமில்லைதான். ஆறு வருடம் கழித்து வந்ததை ஊர் வாயில் போட எனக்கும் பயமாக இருந்தது.

கியர் அனுப்புகிற ஓசூர் கம்பெனிக்கு நாங்கள் வெல்டிங் ஓடுவதைப் போனில் வீடியோ எடுத்து அனுப்புவது வழக்கம். ஜன்னலில் போனை ஒட்டவைத்தாற்போல் பிடித்து எடுப்பேன். சித்திரை கடைசியில் ஒரு நாள் அங்கே புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர், பிருந்தா என்று பெயர், என்னைக் கூப்பிட்டாள்.

"சுகப்பிரியா, வீடியோல அங்கங்க வெள்ளைப் புள்ளி மின்னுதே, என்ன அது?"

"தூசியா இருக்கும் மேடம். எங்க ஊருல தூசிக்குப் பஞ்சமில்ல."

"தூசின்னா எப்பவும் இருக்கணும்ல? பீம் ஆன் பண்ணதும் வருது, ஆஃப் பண்ணதும் போயிருது. கேமராவுல எக்ஸ்ரே பட்டா அப்படித்தான் மின்னும். முதல்ல மிஷினை நிறுத்துங்க. அந்தக் கண்ணாடி ஈயக் கண்ணாடிதானே?"

நிறுத்தினேன். மதுரையில் வெட்டி வாங்கிய கண்ணாடியில் மஞ்சளே இல்லை, ஈயமும் இல்லை. கை தானாக வயிற்றுக்குப் போனது. அண்ணாச்சி ஆபீஸிலிருந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டதும், "பேட்ஜுல பூஜ்யம்னுதானம்மா வந்திருக்கு…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டுப் பீரோவைத் திரும்பிப் பார்த்தார். பொன்ராஜும் பார்த்தான்.  பீம் நின்றிருந்தது, பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் மாசமா இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கியர்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டார். பிறகு, "நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கேன்" என்று தானே சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அருப்புக்கோட்டையில் நான் காட்டிவந்த டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ஸ்கேன் எடுத்தார். துடிப்பு இருக்கிறது, வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றார். "எவ்வளவு பட்டுச்சு?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "கொஞ்சமாப் பட்டிருந்தா பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனா அளவு தெரியாம நான் உறுதி சொல்ல முடியாது. அளவைக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் அவசரப்பட்டு எதுவும் செஞ்சிராதீங்க."

அளவு. சட்டையில் குத்தியிருந்தால் சட்டையிலேயே இருந்திருக்கும் அது.

அண்ணாச்சி அந்தக் கண்ணாடியைக் கழற்றி உடைத்தெறியப் போனபோது நான்தான் தடுத்தேன். அதே கண்ணாடியைத் திரும்ப மாட்டச் சொன்னேன். வேறு வழியில்லை, நடந்ததை மறுபடி நடத்தித்தான் அளக்க வேண்டும். பிருந்தா போனிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். என் நாற்காலியை அதே இடத்தில் போட்டு, நான் உட்கார்ந்தால் வயிறு வருகிற உயரத்தில் பேட்ஜைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கழித்துப்போட்ட கியரை உள்ளே வைத்து, அதே வோல்டில், நான் உட்கார்ந்திருந்த அத்தனை மணி நேரமும் மிஷினை ஓட்ட வேண்டும். கழிவு கியர் என்பதால் கோடு விலகினாலும் பரவாயில்லை, ஆள் உட்கார வேண்டாம். பொன்ராஜ் சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடிவிடுவான். காலி நாற்காலிக்கு முன்னால் மிஷின் ஓடும்.

நான் வீட்டில் இருந்தேன். அண்ணாச்சி தினமும் போன் செய்வார். பாதியில் மிஷின் உச்சியில் இருக்கும் கம்பி அறுந்துவிட்டது. பெங்களூரிலிருந்து வேறு கம்பி வர வேண்டும். வந்தது. பம்ப்பில் எண்ணெய் கசிந்தது. அதைச் சரி செய்தார்கள். நானோ தேதியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பீம் வைத்த இடத்தை மேலே பார்த்தால் தலைமுடி மாதிரி ஒரு கோடு, பளபளவென்று அழகாக இருக்கும். அது பொய்யாகவும் இருக்கலாம். இரும்பில் துளி காந்தம் இருந்தாலும் பீம் உள்ளே போகும்போது ஒதுங்கிவிடும். மேலே ஒட்டியிருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது. அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு லோடிலும் ஒரு கியரை அறுத்துப் பார்ப்போம். மேலே நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே என்பதுதான் அந்த வேலையில் நான் படித்த முதல் பாடம். டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டி நல்லா இருக்கு என்றபோது, மேலே பார்த்துச் சொல்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பீம் வேறு, எக்ஸ்ரே வேறு, பிள்ளை இரும்பில்லை. எல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கண்ணை மூடினால் வயிற்றுக்குள் ஒரு முடிக்கோடு தெரிந்தது.

அத்தைதான் ஒரு நாள் ஆரம்பித்தார். 

"கொறையோட பெறந்தா நமக்கப்புறம் அதை யாரு பாப்பா? நாம போயிருவோம். அது கெடந்து சீரழியணும்."

"இன்னும் அளவு வரல அத்தை."

"எப்ப வரும்? அது வயித்துல கைய கால ஆட்ட ஆரம்பிச்ச பெறகா? அப்ப ஒன்னால முடியுமா? என்னால முடியாது தாயி."

இதைச் சொல்லும்போது அழுதார். கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு ஆசைதான். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவர் வாயால் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். ஆறு வருடத்தில் எதையும் என் முடிவுக்கு விடாத மனிதர். சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்பதிலிருந்து என் தம்பி கல்யாணத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்பது வரை அவர் சொன்னதுதான். இதை மட்டும் என் தலையில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். வைய வேண்டும் போலிருந்தது. வையவில்லை. வைதால் அழுவார், அவரையும் நான்தான் தேற்ற வேண்டும்.

பேட்ஜ் லேபுக்குப் போய்விட்டது, பதில் வர நாளாகும் என்று அண்ணாச்சி சொன்ன வாரம், நான் தூங்குவதையே விட்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டோம். "பதில் வரட்டும், காத்திருங்க" என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் மதுரைக்குப் போனோம். அங்கே வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நானே பஸ் ஏறினேன், நானே கையெழுத்துப் போட்டேன். அத்தை என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

பெண் பிள்ளையா ஆண் பிள்ளையா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஊரில் யாருக்கும் தெரியாது. கர்ப்பம் என்பதே அண்ணாச்சியையும் பொன்ராஜையும் தவிர யாருக்கும் தெரியாதபோது, கலைத்ததை யாரிடம் சொல்வது? அண்ணாச்சி போன் செய்தபோது அத்தையே எடுத்து, "ரெஸ்ட்டு எடுக்கா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அவர் போன் செய்தால் நானும் எடுப்பதில்லை. பால் கட்டவில்லை, காய்ச்சல் வரவில்லை, உடம்பு சீக்கிரமே தேறிவிட்டது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாவது படுத்துக் கிடக்க ஒரு காரணம் கொடுத்திருக்கலாம் அது.

ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். நான் முற்றத்தில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. ஸ்டாண்டு போடக்கூட நிதானமில்லாமல் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் சேவுப் பொட்டலமும் மாதுளம்பழமுமாக உள்ளே வந்தார்.

"ஏம்மா சுகப்பிரியா! வந்துருச்சும்மா, பதில் வந்துருச்சு! போன்ல சொல்லக்கூடாது, நேர்ல சொல்லணும்னு ஓடி வாரேன்!"

நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணுமே இல்லையாம்மா. பட்டிருக்கு, ஆனா கொஞ்சந்தான். ஒரு தடவை வயித்துக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தா என்ன படுமோ அதை விடக் கம்மியாம். ஓசூர்ப் பிள்ளைகிட்டயும் காட்டுனேன். ஒங்க டாக்டரம்மாகிட்டயும் நேராப் போயிக் காட்டிட்டுத்தான் வாரேன். பிள்ளைக்கு இதுனால ஒரு கொறையும் வராது, தைரியமா இருக்கச் சொல்லுங்கன்னு அவுக வாயாலயே சொன்னாக!"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை நாளும் அந்த மனிதர் தூங்கியிருக்க மாட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தாடி வளர்ந்து கன்னம் ஒட்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. நிஜமாகவே முறத்தைத் தூக்கி அந்த முகத்தில் அடிக்க வேண்டும் போலிருந்தது.  போனை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அதில் என்னவோ எண் இருந்தது. நான் இத்தனை நாளும் காத்திருந்த எண். புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்கக்கூடக் கண் ஓடவில்லை.

"புதுசா மஞ்சக் கண்ணாடி மாட்டிட்டேம்மா. பேட்ஜைக் குத்தாம யாரையும் கொட்டகைக்குள்ளயே விடுறதில்ல. நீ இப்ப வர வேணாம். பிள்ளை பெறந்து, பால்குடி மறந்து, மெதுவா வா. ஒன் வேலை அப்படியே இருக்கும்" என்றார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப எத்தனாவது மாசம்மா?"

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"அஞ்சு நடக்குது தம்பி."

அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். "அப்பக் கார்த்திகை. அடை மழை நேரமா இருக்கும், பஸ்ஸை நம்ப முடியாது. எந்நேரமா இருந்தாலும் ஒரு போன் போடுங்க, நம்ம காரை அனுப்புதேன்."

"சரிங்க தம்பி" என்றார் அத்தை.